வேஷம் கட்டியவர்கள் – 4: உப்புக் கணக்கும் அரிதாரமும்

போன வாரம் திருவண்ணாமலைச் சீமையில் ஒரு திரௌபதி அம்மன் கோயில் திடலில் நின்றிருந்தோம். விடிய விடிய நடந்த பதினெட்டாம் போர் முடிந்து, படுகளமும் கண்டாயிற்று. இரவெல்லாம் துரியோதனனாக நின்றவர் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் கழற்றிப் பெட்டியில் போட்டார். பொழுது ஏறியதும் கழனிக்குப் போனார். நடிப்பதற்காக அவர் எதையும் விட வேண்டியிருக்கவில்லை. புரிசை போன்ற ஊர்களில் கூத்து தலைமுறைச் சொத்து. கோடையில் ஆட்டம், மழை விழுந்தால் ஏர். ஊருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

அப்படியானால், மாதம் பிறந்தால் கைக்கு வரும் சம்பளத்தை உதறிவிட்டு நடிப்பே பிழைப்பென்று கிளம்பியவர் யார் என்ற கேள்வியோடு நிறுத்தினோம். விடை தேடித் தெற்கே போக வேண்டும். ஊர் தூத்துக்குடி. ஆண்டு 1891.

அந்த ஊரில் அன்று உப்பு என்றால் அரசாங்கம். 1888இல் மணங்குக்கு இரண்டு ரூபாயாக இருந்த உப்பு வரியை இரண்டரை ரூபாயாக உயர்த்தியிருந்தார்கள். அடுத்த ஆண்டே மதராஸ் உப்புச் சட்டம் வந்தது. அளத்தில் விளைந்ததை விளைவித்தவனே அள்ளிக்கொண்டு போக முடியாது. எடை போட வேண்டும், எழுத வேண்டும், வரி கட்ட வேண்டும். பிறகுதான் வண்டி நகரும். அப்படிப்பட்ட இடத்தில் பேனா பிடித்தவனுக்கு ஊரில் என்ன மதிப்பு இருந்திருக்கும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தூத்துக்குடியில் ஓர் உப்புப் பண்டகசாலையில் அப்படிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இளைஞர் சங்கரதாஸ். 1867 செப்டம்பர் 7 அன்று தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். தந்தை தாமோதரத்தை ஊரார் ‘இராமாயணப் புலவர்’ என்பார்கள். முதல் பாடம் அவரிடம். பிறகு பழனி தண்டபாணி சுவாமிகளிடம்.

இந்த இரண்டாவது ஆசிரியரிடம் சற்று நிற்போம், ஏனென்றால் நம்மை அவர் திருவண்ணாமலைக்கே திரும்ப அழைத்துப் போகிறார். வண்ணமும் சந்தமும் வெள்ளமாகக் கொட்டிய வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள்தான் இவர். அருணகிரிநாதரே மீண்டும் பிறந்து வந்திருக்கிறார் என்று அவரை அந்நாளில் கொண்டாடினார்கள். அண்ணாமலையார் கோயில் கோபுரத்தோடு சேர்த்தே நாம் நினைக்கும் அருணகிரியாரின் தாளக்கட்டு, நானூறு ஆண்டு கழித்து இப்படி ஒரு மாணவர் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கைதான் உப்பு மூட்டையை எண்ணிக்கொண்டிருந்தது.

24 வயதில் சங்கரதாஸ் கணக்குப் புத்தகத்தை மூடினார். நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

இன்றைக்கு ஐடி வேலையை விட்டுவிட்டு ஒருவர் சினிமாவுக்குப் போனால் வீட்டில் அழுகை இருக்கும், சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள். ஆனால் நாலு படம் ஓடிவிட்டால் அதே சொந்தக்காரர்கள் செல்ஃபி கேட்பார்கள். 1891இல் அந்தத் திரும்பும் வழி கிடையாது. சினிமா இன்னும் பிறக்கவில்லை. ‘கூத்தாடி’ என்பது தொழிலின் பெயராக இருந்ததைவிட வசவாகவே அதிகம் புழங்கியது. கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்று ஒரு பழமொழி உண்டு. ஒருவனுக்கு எப்போது விடியும் என்ற தவிப்பு, மற்றவனுக்கு எப்போது பொழுது சாயும் என்ற தவிப்பு. மேற்கே பார்க்கும் கூட்டத்திலிருந்து கிழக்கே பார்க்கும் கூட்டத்துக்கு ஒருவர் தாமாக நடந்து போனார் என்றால், அவர் இழந்தது சம்பளம் மட்டுமில்லை. பெண் கொடுப்பதிலிருந்து திண்ணையில் இடம் கொடுப்பது வரை எல்லாக் கணக்கும் மாறிவிடும்.

இதே 1891இல் இன்னொரு வாசலும் திறந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்ற வக்கீல் தம் சபையோடு சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகம் போட்டார். பார்த்தவர்களில் 18 வயது மாணவர் ஒருவர். பெயர் பம்மல் சம்பந்தம். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு வெறுப்பு. வக்கீலும் குமாஸ்தாவும் கௌரவமாக மேடையேறலாம் என்பதைப் பார்த்ததும் மனம் மாறிவிட்டது. ஜூலை 1ஆம் தேதி நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

சபையின் விதி எளிது: நடிப்புக்குக் கூலி வாங்கக் கூடாது. பகலில் உத்தியோகம், மாலையில் ஒத்திகை, நாடகம் முடிந்தால் வீடு. அந்த வாசல் வழியாகப் போன பம்மல், வக்கீலானார். சிறு வழக்கு நீதிமன்ற நீதிபதியானார். கடைசிவரை நாடகத்தையும் விடவில்லை. உத்தியோகத்தையும் வேஷத்தையும் இரண்டு கையில் பிடித்துக்கொள்ள வழி இருந்தது. ஆனால் அந்த வழி சென்னையில் இருந்தது. படித்த, வசதியான பிள்ளைகளுக்கு இருந்தது. தூத்துக்குடிக் கணக்கருக்கு முன்னால் இருந்தது கம்பெனி ஒன்றுதான். வந்தால் முழுதாக வா, இல்லையென்றால் வராதே.

அந்தக் கம்பெனிகளின் கதை தஞ்சாவூரில் தொடங்குகிறது. கோவிந்தசாமி ராவின் மனமோகன நாடகக் கம்பெனி சீன், படுதா, உடுப்பு என்று மேடையை மாற்றிக் காட்டியது. அதைத் தொடர்ந்து கல்யாணராமையர் போன்றவர்கள் தனிக் கம்பெனி கட்டினார்கள். ஓர் ஊரில் கொட்டகை போட்டால் வசூல் குறையும்வரை அங்கேயே. பிறகு மூட்டை கட்டி அடுத்த ஊர். 1876க்குள் மதுரையிலிருந்து தூத்துக்குடிவரை ரயில் வந்துவிட்டதால் படுதாவும் பெட்டியுமாக நகர்வது முன்பைவிடச் சுலபம். நடிகனுக்கு வீடு என்று ஒன்று கிடையாது. பெண் வேஷமும் ஆண்களே. மைக் கிடையாது, கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவன் காதுவரை தொண்டைதான் போய்ச் சேர வேண்டும்.

சங்கரதாஸ் முதலில் சேர்ந்தது இராமுடு ஐயர், கல்யாணராமையர் ஆகியோரின் சபைகளில். அன்றைய நாடகங்களில் பாட்டுகள்தாம் நிலையாக இருந்தன. வசனம் பெரும்பாலும் அந்தந்த நடிகனின் சாமர்த்தியம். வாய் வல்லவன் பேசினால் காட்சி நீளும். வராதவன் இரண்டு வார்த்தையோடு அடுத்த பாட்டுக்குத் தாவிவிடுவான். அங்கே போய் நிற்கிறார் வெண்பாவும் சந்தமும் முறையாகப் படித்த ஒருவர். இன்னும் சில ஆண்டுகளில் அவர் எழுதப்போகும் ‘வள்ளி திருமண’மும் ‘பவளக்கொடி’யும் ஒரு நூற்றாண்டைக் கடந்து மேடையில் நிற்கும். ஆனால் இப்போது அவர் ஆசிரியர் இல்லை. நடிகர்.

எப்படிப்பட்ட நடிகர்? அவருக்கு வாய்த்த வேஷங்களே சொல்லும்: இரணியன், இராவணன், எமதருமன், சனீஸ்வரன். பயமுறுத்துவதற்கென்றே எழுதிய பாத்திரங்கள். பெருங்குரல், கம்பீரம், படித்த தமிழ் மூன்றும் சேர்ந்தால் மேடையில் என்ன நடக்கும்? பிற்காலத்தில் மதுரையில் சங்கரதாஸிடம் பாலகனாகச் சேர்ந்து பாடம் கேட்ட அவ்வை டி.கே.சண்முகம் அதை எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு நாள் சாவித்திரி நாடகம். சத்தியவானின் உயிரைக் கவரும் கட்டம். எமனாக சங்கரதாஸ் பாசக்கயிற்றோடு ஆவேசமாக வருகிறார். கூட்டத்தில் இருந்த கர்ப்பிணி ஒருத்தி அதிர்ச்சியில் அலறிச் சாய்ந்தாள். அங்கேயே கரு கலைந்துவிட்டது.

கம்பெனி முதலாளிக்கு இது விளம்பரமாகக்கூடப் பட்டிருக்கலாம். பார்த்தாலே குலை நடுங்கும் எமன் என்றால் டிக்கெட் விற்காதா? நடித்தவருக்கு? உப்புப் பண்டகசாலையில் ஒரு பிழை செய்தால் அடித்துத் திருத்தி எழுதலாம். நன்றாகச் செய்த வேலையே ஓர் உயிரைக் குடித்துவிட்டால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது? பம்மலின் சபையில் இருந்தவருக்கு இந்தச் சிக்கல் வந்தால் காலையில் கோர்ட்டுக்குப் போய்விடலாம். நாடகத்தைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம். வேஷமே சோறு என்று வந்தவருக்கு அடுத்த இரவும் வேஷம் உண்டு.

அப்படி வந்த இன்னோர் இரவுதான் ‘நளதமயந்தி’.

நளனைப் பிடித்து நாட்டையும் மனைவியையும் பறிக்கும் சனீஸ்வரன் வேஷம் சங்கரதாஸுக்கு. ஆட்டம் முடிய விடியல் நெருங்கிவிட்டது. அரிதாரத்தைக் கலைக்கத் தண்ணீர் வேண்டும். மற்றவர்கள் படுதாவைச் சுருட்டிக்கொண்டிருக்க, அவர் வேஷத்தோடே ஊருக்கு வெளியே நீர்நிலைக்கு நடந்தார். இருட்டு இன்னும் முழுதாக விலகவில்லை. மேடையும் இல்லை, படுதாவும் இல்லை. இது நாடகம் என்று சொல்ல எதிரே எந்த அடையாளமும் இல்லை.

அதே நேரம் துணி வெளுக்க ஒரு பெண் தனியாக அந்தக் கரைக்கு வந்துகொண்டிருந்தாள். நாடகம் பார்த்தவள் அல்ல. ஊரில் கம்பெனி வந்திருப்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. குனிந்து நடந்தவள் நிமிர்ந்தாள். எதிரே சனீஸ்வரன்.

அவளுக்கு என்ன ஆயிற்று? 24 வயதில் உத்தியோகத்தை விட்டவர், அந்தக் காலைக்குப் பிறகு எதை விட்டார்? காவியோடு ஊர் ஊராகத் திரிந்த அவரை, புதுக்கோட்டையில் கஞ்சிராவோடு உட்கார்ந்திருந்த மான்பூண்டியா பிள்ளை தம் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டது எப்படி?

அடுத்த வாரம்.

(தொடரும்)