டிப்ளமோ வாங்கிய முதல் பேட்ச்
ராயப்பேட்டை பீட்டர்ஸ் ரோடு பக்கம் போனால் எனக்கு ஒரு வேடிக்கை நினைவுக்கு வரும். நியூ காலேஜ் வளாகத்தில் இருக்கிற மியாசி மேலாண்மைக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழக இணைப்புப் பெற்றது. அங்கே படிச்சா எம்பிஏ பட்டம்.

பக்கத்து நுங்கம்பாக்கம் லயோலாவில் இயற்பியல் படிச்ச சி.கே. பிரகலாத், அகமதாபாத் ஐஐஎம்மின் முதல் பேட்ச். 1966-இல் அவருக்குக் கிடைச்சது வெறும் டிப்ளமோ! 1956 யுஜிசி சட்டப்படி பட்டம் தரும் உரிமை பல்கலைக்கழகங்களுக்குத்தான். ஐஐஎம்மோ சங்கமாகப் பதிவான அமைப்பு. ஆராய்ச்சி முடிச்சாலும் ‘ஃபெல்லோ’தான், முனைவர் இல்லை. வேலை கொடுத்த கம்பெனிகள் இதையெல்லாம் கண்டுக்கவே இல்லை என்பது வேற விஷயம்.

ஐஐஎம் சட்டம் 2018 ஜனவரி 31-இல் அமலுக்கு வந்த பிறகுதான் அங்கேயும் எம்பிஏ. பிரகலாத் 1975-இல் ஹார்வர்டில் முனைவரானார், 2010-இல் காலமானார். அவருடைய அகமதாபாத் சான்றிதழ் கடைசிவரை டிப்ளமோதான்.