எண்ணெய் நம்முடையது, காரம் யாருடையது? இந்தியச் சோப்புச் சட்டியின் வரலாறு

வீட்டில் முதன்முறையாகச் சூட்டுமுறையில் சோப்பு காய்ச்ச முற்படுபவருக்கு வேண்டிய பொருள்கள் மூன்றே: எண்ணெய், நீர், காஸ்டிக் சோடா. இவற்றுள் எண்ணெயைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகின்றனர். தேங்காயெண்ணெய் நுரைக்கும், ஆமணக்கெண்ணெய் வழவழப்பைத் தரும், வேம்பெண்ணெய் சருமத்துக்கு நல்லது என்றெல்லாம் குறிப்புகள் பரவுகின்றன. காஸ்டிக் சோடாவோ எச்சரிக்கை வரியில் மட்டும் இடம்பெறுகிறது. ஆனால் இந்தியாவில் சோப்பின் போக்கைத் தீர்மானித்தது எண்ணெயைவிடக் காரமே ஆகும். சட்டியை ஏன் அடுப்பில் ஏற்றினார்கள் என்பதற்கான விடையும் அங்கேதான் இருக்கிறது.

சோப்பு பொதுவழக்காகும் முன்பே இந்நாட்டில் அழுக்கு நீக்கும் முறைகள் பல இருந்தன. சீயக்காயும் பூந்திக்கொட்டையும் தம்மிலுள்ள சப்போனின் என்னும் பொருளால் நுரை தருபவை. அவற்றுக்குக் காரம் தேவையில்லை. துணி வெளுப்போர் உவர்மண்ணைப் பயன்படுத்தினர். உவர்மண்ணில் தோய்த்த துணியை வெள்ளாவியில் வைக்கும்போது, மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட்டும் நீராவியின் வெப்பமும் சேர்ந்து எண்ணெய்ப்பிசுக்கை இளக்கின. காரமும் வெப்பமும் இணைந்தால் கொழுப்பு விட்டுக்கொடுக்கும் என்பது வெளுப்போரின் கைகளுக்கு நன்கு பழகிய அறிவு.

சோப்பையே தொழிலாகக் காய்ச்சியவர்களும் இருந்தனர். ‘சாபூன்’ என்ற அரபுச் சொல் வட இந்திய மொழிகளில் வேரூன்றியிருப்பதும், சோப்புக் காய்ச்சுவோருக்குச் ‘சாபூன்கர்’ என்று தனிப்பெயர் வழங்கியதும் அதற்குச் சான்றுகள். 19ஆம் நூற்றாண்டில் டாக்கா நகரத்துச் சோப்பு பெயர் பெற்றிருந்தது. சுண்ணாம்பு, சஜ்ஜிமண், உப்பு, நல்லெண்ணெய், ஆட்டுக்கொழுப்பு ஆகியவை அதன் பொருள்கள். சஜ்ஜி என்பது தூய்மையற்ற சோடியம் கார்பனேட். உவர்நிலங்களின் மேற்பரப்பில் பூத்து நிற்கும் வெண்மண்ணிலிருந்து அது கிடைத்தது. பஞ்சாப், சிந்து வறண்ட நிலங்களில் உவர்ச்செடிகளை எரித்த சாம்பலிலிருந்தும் எடுக்கப்பட்டது. அதனுடன் சுண்ணாம்பைக் கலந்து நீரூற்றி வடித்தால், கார்பனேட் சுண்ணாம்போடு சேர்ந்து அடியில் தங்கிவிட, வடிநீரில் வீரியமிக்க எரிகாரம் இறங்கும். இன்று புட்டியில் வாங்கும் காஸ்டிக் சோடாவும் அந்த வடிநீரில் இருந்ததும் வேதியியல்படி ஒரே பொருள்தான்.

வேறுபாடு அளவில் இருந்தது. ஓர் ஊர்ச் சஜ்ஜி போல மற்றோர் ஊர்ச் சஜ்ஜி இராது. ஒரே மண்ணும் மழைக்குப் பின் வேறாகும். வடிநீரில் எவ்வளவு காரம் இறங்கியிருக்கிறது என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. ஆகவே காய்ச்சுபவர் எண்ணெயைக் கொப்பரையில் ஏற்றி, காரநீரைச் சிறிது சிறிதாக ஊற்றி, மணிக்கணக்காகக் கிண்டிக்கொண்டே பார்த்தார். எண்ணெய் மிதந்தால் இன்னும் காரநீர் வேண்டும். நாவில் தொட்டுச் சுரீரென்று கடித்தால் காரம் மிகுந்துவிட்டது. இறுதியில் உப்பைச் சேர்த்தபோது சோப்பு திரண்டு மேலெழுந்தது. மிகுந்த காரமும் கிளிசரினும் மண்ணின் கசடும் கீழ்நீரில் தங்கின. அந்நீரை வடித்து அகற்றினர்.

கொதிக்கவைத்தல் இங்கே அளவிட இயலாத காரத்தை வைத்துக்கொண்டு நம்பகமான சோப்பைப் பெறுவதற்கான உத்தியாகச் செயல்பட்டது. வெப்பம் வினையை விரைவாக முடித்தது. நேரம் திருத்தத்துக்கு இடம் கொடுத்தது. உப்பு, எஞ்சிய பிழையைக் கழுவி வெளியேற்றியது. மூன்றும் சேர்ந்ததே பழைய சூட்டுமுறை.

ஐரோப்பா இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்தது. 1791இல் நிக்கொலா லெப்ளாங் உப்பிலிருந்து சோடா எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1823இல் மிஷேல் யூஜீன் செவ்ரல் கொழுப்பின் இயல்பை விளக்கும் நூலை வெளியிட்டார். எண்ணெய் என்பது கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்த பொருள் என்பது துலங்கியது. ஒரு கொழுப்பைச் சோப்பாக்க எவ்வளவு காரம் தேவை என்று அளக்கும் முறையை 1879இல் கெட்ஸ்டார்ஃபர் வகுத்தார். காரம் தூய்மையும் பெற்றது, எண்ணும் பெற்றது. 1888இல் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கியபோது, அவற்றோடு வந்தது இந்த அளவறிந்த காரமே. சாபூன்கரின் கைத்திறன் குறைந்து அவர் தோற்கவில்லை. ஒவ்வொரு கட்டியும் ஒரேபோல் இருக்கும் என்ற உறுதியைச் சஜ்ஜியால் தர இயலவில்லை.

இந்தியர் எதிர்வினை விரைவாகவே வந்தது. 1897இல் மீரட்டில் நார்த் வெஸ்ட் சோப் நிறுவனம் தோன்றியது. 1905இன் சுதேசி இயக்கம் அன்னியச் சோப்பைத் துறக்கச் சொன்னது. 1916இல் தொடங்கப்பட்ட கல்கத்தா கெமிக்கல் நிறுவனம் வேம்பெண்ணெயை மார்கோ சோப்பாக்கியது. முதல் உலகப்போரால் சந்தன ஏற்றுமதி தடைப்பட, மைசூர் அரசு 1916இல் சந்தன எண்ணெய் ஆலையையும் அடுத்து 1918இல் பெங்களூரில் சோப்புத் தொழிற்சாலையையும் நிறுவியது. அதே காலத்தில் அர்தேஷிர் கோத்ரெஜ் விலங்குக் கொழுப்பே சேராத சோப்பை முன்வைத்தார். சென்னை மாகாணத்திலோ மீன்வளத்துறையை வழிநடத்திய பிரெடெரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1914இல் மலபார்க் கரையில் மீனெண்ணெய்ச் சோப்பு தொடங்கி, கோழிக்கோட்டின் அரசுச் சோப்பு நிலையமாக வளர்ந்தது.

இம்முயற்சிகள் அனைத்தும் தம் சுதேசித் தன்மையை எண்ணெயிலும் மணத்திலும் காட்டின: வேம்பு, சந்தனம், தேங்காய், மலபார் மத்தி. காஸ்டிக் சோடா மட்டும் கப்பலில் வந்தது. போர்க்காலத்தில் கடல்வழி நெருக்கடிக்கு உள்ளானபோது இந்தச் சார்பு வெளிப்பட்டது. எண்ணெய் வித்துகளை உலகுக்கு ஏற்றுமதி செய்த நாடு, அந்த எண்ணெயைச் சோப்பாக்கும் காரத்துக்குப் பிறர் கையை எதிர்பார்த்து நின்றது.

1934இல் வார்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது, அதன் அமைப்பாளர் ஜே.சி. குமரப்பா முன்வைத்த பொருளியல், அந்தந்த ஊர்ப் பொருளை அந்தந்த ஊர்க் கைகளே ஆக்கிக்கொள்வதை வலியுறுத்தியது. விடுதலைக்குப் பின் கதர் கிராமத் தொழில் ஆணையம் ‘உண்ணா எண்ணெய்ச் சோப்பு’த் தொழிலைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. வேம்பு, புங்கு போன்ற மரவித்துகளின் எண்ணெயைச் சோப்புக்குத் திருப்பினால், உண்ணும் எண்ணெய் மக்களின் உணவுக்கு மிஞ்சும் என்பது அதன் அடிப்படை. கிராமச் சோப்பு பற்றிய சிந்தனையில் எண்ணெய்க்கு இவ்வளவு தெளிவான விடை கிடைத்தது. காரத்துக்கோ பெருந்தொழிலே விடையாயிற்று. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கும் ஆலைகள் 1940களின் தொடக்கத்தில் வங்காளத்து ரிஷ்ராவிலும் காவிரியின் மேட்டூரிலும் இயங்கத் தொடங்கின. அணைக்கட்டு மின்சாரமும் கடலுப்பும் சேர்ந்த இடத்தில்தான் இந்தியச் சோப்பின் காரம் இந்தியக் காரமாயிற்று.

அதன்பின் வீட்டிலேயே தொடங்குவது மீண்டும் இயல்வதாயிற்று. 1969இல் சென்னையில் ரயில்வே மருத்துவராகப் பணியாற்றிய வி.பி. சித்தன், சருமநோய்க்கான மூலிகை எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு வீட்டில் கையால் செய்த சோப்பே மெடிமிக்ஸ். அதே ஆண்டில் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டுக் கொல்லையில் கலந்த சலவைத்தூளை மிதிவண்டியில் கொண்டுசென்று விற்றார், அது நிர்மா. தரமறிந்த காரப்பொருள் சந்தையில் கிடைத்ததனால், கொப்பரையும் சாபூன்கரின் நாவும் இல்லாமலேயே ஒரு வீடு தொழிற்கூடமாக முடிந்தது.

இன்று வீட்டில் சூட்டுமுறையை முதன்முறை கையாள்பவர் இந்த வரலாற்றின் ஒரு பாதியை மட்டும் பெற்றுக்கொள்கிறார். கொதிக்கவைத்தல் அவரிடம் வந்து சேர்ந்திருக்கிறது; உப்பிட்டுப் பிரித்தல் வந்து சேரவில்லை. பழைய முறையில் மிகுந்த காரம் கீழ்நீரோடு வெளியேறியது. வீட்டுச் சட்டியில் இட்டதெல்லாம் கட்டிக்குள்ளேயே நிற்கிறது. காய்ச்சினால் காரம் ‘முறிந்துவிடும்’ என்ற பரவலான நம்பிக்கை இங்கேதான் ஆபத்தாகிறது. வெப்பம் காரத்தை அழிப்பதில்லை. எண்ணெய் இருக்கும்வரை அதனோடு சேர்வதை விரைவுபடுத்தும். எண்ணெய் தீர்ந்தபின் எஞ்சும் காரம் எத்தனை மணி நேரம் காய்ச்சினாலும் எஞ்சியே இருக்கும்.

ஒரு கிலோ தேங்காயெண்ணெய் முழுதும் சோப்பாக ஏறத்தாழ 180 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். ஒரு கிலோ நல்லெண்ணெய்க்கு ஏறத்தாழ 135 கிராம் போதும். தேங்காயெண்ணெய்க்கான குறிப்பை வைத்துக்கொண்டு நல்லெண்ணெயை ஊற்றுபவரின் கட்டியில் 45 கிராம் காரம் தங்கிவிடும். அது தோலைப் புண்ணாக்கப் போதுமானது. ஆகவே எண்ணெய் மாறும்தோறும் கணக்கும் மாற வேண்டும். காரத்தைச் சற்றுக் குறைத்து, எண்ணெயில் நூற்றுக்கு ஐந்து பங்கு சோப்பாகாமல் எஞ்சும்படி விடுவது இன்றைய வழக்கம். உப்புநீர் செய்த வேலையின் ஒரு பகுதியை அந்த மிச்ச எண்ணெய் செய்கிறது. காரத்தை நீரில்தான் சிறிது சிறிதாகப் போட வேண்டும். காரத்தின் மேல் நீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். அலுமினியப் பாத்திரத்தைக் காரம் அரித்து எரியும் வாயுவை வெளியேற்றும் என்பதால் எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி வலுவிழக்கும். திறந்து கிடந்த பொட்டலத்தை நம்பி அளப்பது, சஜ்ஜிமண்ணை நம்பி அளப்பதற்குச் சமம்.

சாபூன்கரிடம் தராசுக்குரிய காரம் இல்லை. ஆனால் பிழையைத் திருத்தும் முறை இருந்தது. இன்றைய வீட்டுச் சட்டியில் அந்தத் திருத்தம் இல்லை. தராசுக்குரிய காரம் இருக்கிறது. மண்ணிலிருந்து மேட்டூர் வரை காரம் கடந்துவந்த தொலைவின் பயன், அடுப்பை மூட்டுவதற்கு முன் தராசை நிமிர்த்துபவருக்கே கிட்டும்.