கணவாய் திறந்த பிறகு: சீன வணிகத் தடையின் தளர்வும் சேஷாசல அடிவாரமும் (1962–2025)

திருமலை வாகன சேவையில் உற்சவமூர்த்தியின் இருபுறமும் வீசப்படும் சாமரம், மரபுப்படி கவரிமாவின் வால்மயிரால் ஆனது. கவரி நம் பக்கத்து விலங்கு அன்று. திபெத்திய மேட்டுநிலத்தில் மேய்வது. இமயத்தில் நரந்தம்புல் மேயும் கவரியைப் புறநானூற்றுப் புலவர் அறிந்திருந்தார் என்றால், அதன் வால்மயிர் தெற்கே வந்த வழி மிகப் பழையது. அந்த வழி 1962இல் அடைபட்டது. 2006 ஜூலை 6ஆம் நாள் சிக்கிமின் நாதுலா கணவாய் 44 ஆண்டுகளுக்குப் பின் வணிகத்துக்குத் திறக்கப்பட்டபோது, திபெத்திலிருந்து கொண்டுவர அனுமதிக்கப்பட்ட 15 பொருள்களில் ஆட்டுத்தோல், கம்பளி, வெண்காரம், உப்பு ஆகியவற்றோடு கவரிவாலும் இருந்தது.

கம்யூனிஸ்ட் சீனத்துடனான வணிக, பயணத் தடையும் அதன் நீக்கமும் பெரும்பாலும் டெல்லியிலிருந்தும் பெய்ஜிங்கிலிருந்துமே எழுதப்பட்டுள்ளன. அதே வரலாற்றைச் சரக்கு புறப்படும் இடத்திலிருந்து பார்ப்பது இக்கட்டுரையின் முயற்சி. 1911 வரை வட ஆர்க்காட்டின் பகுதியாக இருந்து, இன்றும் தமிழ் புழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரமே அந்த இடம்.

முதலில், தடை எப்படி வந்தது? போர்தான் வணிகத்தை முறித்தது என்று பொதுவாக நம்பப்படுகிறது. காலவரிசை அப்படிச் சொல்லவில்லை. 1954 ஏப்ரல் 29இல் பெய்ஜிங்கில் கையெழுத்தான திபெத் வணிக ஒப்பந்தம், வணிகச் சந்தைகளோடு கைலாச, மானசரோவர யாத்திரையையும் உறுதிசெய்தது. பஞ்சசீலக் கொள்கை இடம்பெற்றதும் அதன் முகப்புரையில்தான். அதன் ஆயுள் எட்டு ஆண்டு. புதுப்பிப்பார் இன்றி 1962 ஜூனில் அது காலாவதியானது. அக்டோபர் 20இல்தான் போர் மூண்டது. வணிகம் செத்து நாலு மாதம் கழித்தே துப்பாக்கி வெடித்தது.

போருக்குப் பின் நடந்தவை கடுமையானவை. சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். சீனக் குடிமக்களின் சொத்துகள் அரசின் பொறுப்புக்கு வந்தன. அந்த ஏற்பாட்டை 1968ஆம் ஆண்டின் எதிரிச் சொத்துச் சட்டம் நிலைப்படுத்தியது.

தளர்வு மெல்ல மெல்ல வந்தது. 1976இல் கே.ஆர். நாராயணன் பெய்ஜிங்கில் தூதராகப் பொறுப்பேற்றார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கடல்வழி வணிகம் மீண்டும் தொடங்கியது. நிலவழியில் முதலில் அனுமதி பெற்றவர்கள் யாத்திரிகர்கள். சீன வெளியுறவு அமைச்சர் ஹுவாங் ஹுவா 1981 ஜூனில் டெல்லி வந்துபோன பின், அதே ஆண்டு கைலாச யாத்திரை தொடங்கியது. 1988 டிசம்பரில் ராஜீவ் காந்தி பெய்ஜிங் சென்றார். எல்லை வணிகத்துக்கான ஒப்பந்தம் 1991 டிசம்பரில் கையெழுத்தாகி, 1992இல் லிபுலேக் கணவாயும், ஈராண்டுக்குள் ஷிப்கிலாவும் திறந்தன. நேரடி விமானம் 2002இல்தான் வந்தது. பக்தன், சிறு வியாபாரி, விமானம் என்று இந்த மூன்று படிகளையும் ஏற 21 ஆண்டுகள் பிடித்தன.

2020இல் மீண்டும் அடைப்பு. கோவிட்டால் நின்ற விமானங்கள், ஜூன் 15இல் கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் உயிர்நீத்த பின் பறக்கவே இல்லை. இறந்தவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். யாத்திரையும் ஐந்தாண்டு நடக்கவில்லை. பிறகு 2024 அக்டோபரில் எல்லை ரோந்து உடன்பாடு ஏற்பட்டது. 2025 ஜூனில் கைலாச யாத்திரை, ஜூலை 24 முதல் சீனர்களுக்குச் சுற்றுலா விசா, ஆகஸ்ட் 19இல் மூன்று கணவாய்களையும் வணிகத்துக்குத் திறக்க இணக்கம், அக்டோபர் 26இல் கொல்கத்தாவிலிருந்து குவாங்சோவுக்கு விமானம். அதே வரிசைதான், இம்முறை ஐந்தே மாதம். நிலவழியில் அரசுகள் அஞ்சாமல் முதலில் அனுமதிப்பது பக்தனை என்பது இரண்டு சுற்றிலும் தெரிகிறது. கடைசியில் அனுமதிப்பது முதலீட்டை.

முதலீட்டின் கதையைத் திருப்பதி மாவட்டம் நன்றாக அறியும். தடாவை ஒட்டியுள்ள ஸ்ரீசிட்டி, 2022இல் புது மாவட்டம் பிரியும்வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. 2015 முதல் அங்கே தைவானின் பாக்ஸ்கான் ஆலையில் சீன நிறுவனமான ஷாவ்மியின் கைப்பேசிகள் தயாராயின. ஏர்ப்பேடு மண்டலத்து விக்ருதமாலாவில் சீனாவின் டிசிஎல் நிறுவனம் திரைப் பலகை ஆலைக்கு 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டியது. 2020 ஏப்ரல் 17இல் மத்திய அரசு வெளியிட்ட ‘பிரஸ் நோட் 3’, எல்லை நாடுகளின் எந்த முதலீட்டுக்கும் முன் அனுமதி வேண்டும் என்றது. அதே ஆண்டு ஜூன் இறுதியில் சென்னைத் துறைமுகத்தில் சீனச் சரக்கு முழுச் சோதனைக்காகத் தேங்கியது. இமயத்தில் நடந்த மோதல் சென்னைக்கு வடக்கே 55 கிலோமீட்டரில் உள்ள தொழிற்கூடத்துக்கு உதிரிப்பாகத் தட்டுப்பாடாக வந்து சேர்ந்தது. ஆனால் கடல் வணிகம் நிற்கவில்லை. 2024–25இல் சீனத்திலிருந்து நாம் வாங்கியது 113 பில்லியன் டாலருக்கு மேல். விற்றது 14 பில்லியன் சொச்சம். ஏற்றுமதிக்கு 29 பொருளும் இறக்குமதிக்கு 15 பொருளும் கொண்ட 2006இன் கணவாய்ப் பட்டியல் இதன் முன் ஒரு சடங்கு அளவே.

பட்டியலில் இல்லாத இரண்டு சரக்குகளைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

ஒன்று, முடி. திருமலைக் கல்யாணகட்டாவில் நனைத்த தலை குனிகிறது. நீளமான கூந்தலை முதலில் கொத்தாகக் கட்டிவிட்டே பிளேடை வைக்கிறார்கள். நேர்த்திக்கடன் அங்கே முடிகிறது, வணிகம் தொடங்குகிறது. தேவஸ்தானம் தரம் பிரித்து இணையவழி ஏலம் விடுகிறது: 31 அங்குலத்துக்கு மேல் முதல் தரம், 16 முதல் 30 வரை இரண்டாம் தரம் என்று இறங்கி, 5 அங்குலத்துக்கும் குறைந்தது ஐந்தாம் தரம், நரை தனி. உலகின் விக் தொழிலின் தலைநகர் சீனாவின் ஹெனான் மாகாணத்து சூசாங். இந்திய முடி அங்கே போவது கப்பலில் மட்டும் அல்ல. 2021 பிப்ரவரியில் மிசோரமின் மியன்மார் எல்லையில் அசாம் ரைபிள்ஸ் 120 மூட்டை முடியைப் பிடித்தபோது, அது திருப்பதி முடி என்று செய்தி பரவியது, தேவஸ்தானம் மறுத்தது. யாருடைய முடியாயினும், மியன்மார் வழியாகச் சீனத்துக்கு ஒரு கள்ளப்பாதை ஓடுவது அதில் வெளிப்பட்டது. 2022 ஜனவரியில் முடி ஏற்றுமதி கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குப் போனது. பின்னர் கிலோவுக்கு 65 டாலருக்குக் குறைத்துக் கச்சா முடியை அனுப்பத் தடை வந்தது. சீனத்தோடு மற்றக் கதவுகள் திறந்தபோதும் இந்தக் கதவு இறுகியே இருந்தது. அது சரியான முடிவு என்றே கருதுகிறேன். இங்கே சிக்கெடுத்து வாழும் பெண்களின் கூலி அதில் இருக்கிறது.

மற்றது, செம்மரம். தெலுங்கில் எர்ர சந்தனம். சேஷாசலம், பாலகொண்டா, லங்கமலை, வெலிகொண்டா ஆகிய மலைகளே இதன் இயற்கைத் தாயகம். மிங், சிங் அரசவைகள் ‘சிதான்’ என்ற செந்நிற வன்மரத்தில் அறைகலன் செய்து பழகின. அந்த மோகம் புதுப்பணக்காரச் சீனத்தில் திரும்பியது. 1999இல் பெய்ஜிங்கில் இந்த மரத்துக்கென்றே தொழிலதிபர் சென் லிஹுவா ஓர் அருங்காட்சியகம் நிறுவினார். இங்கோ 1995இல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் மரம் ஏறியது. காட்டு மரத்தின் ஏற்றுமதிக்கு இந்தியா தடை போட்டது. ஒருபக்கம் சீன வணிகம் வளர்ந்துகொண்டே போனது, மறுபக்கம் அந்நாட்டார் மிக விரும்பிய மரம் பூட்டப்பட்டிருந்தது. அதனால் மரம் கள்ளத்தனமாகப் போனது. சென்னைத் துறைமுகத்தில் வேறு சரக்கின் பெயரில் கன்டெய்னர் ஏறியது. நேபாளத்தின் தாதோபானி வழியாகத் திபெத்துக்கும் ஏறியது. கணவாய்ப் பட்டியலில் இடம்பெறாமலே இமயத்தைத் தாண்டிய மரம் இது.

பறிமுதல் மரத்தில் 8,584 டன்னை ஏற்றுமதி செய்ய ஆந்திரத்துக்கு மத்திய அரசு சிறப்பு அனுமதி தந்து, 2014இல் உலகளாவிய மின்னேலம் நடந்தது. 2019இல் பட்டா நிலத்தில் வளர்த்த மரத்துக்கும் வழி பிறந்தது. 2023 நவம்பரில், 2004 முதல் நீடித்த சைட்டிஸின் சிறப்புக் கண்காணிப்பிலிருந்தும் இந்தியச் செம்மரம் விடுபட்டது. தடை இப்படித் தளர்ந்ததெல்லாம் நில உடைமையாளருக்கும் ஏலதாரருக்கும். ஜவ்வாது மலையிலிருந்தும் கல்வராயன் மலையிலிருந்தும் கூலிக்குக் கோடரி எடுத்துப்போனவருக்கு எந்தத் தளர்வும் இல்லை.

2015 ஏப்ரல் 7 விடியலில் சந்திரகிரி அருகே சேஷாசலக் காட்டில், ஆந்திரச் சிறப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தனர். திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் மாவட்டத்துத் தமிழர்கள். பலர் மலையாளிப் பழங்குடியினர். மோதல் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. கோடரி பிடித்த கைக்கும் பெய்ஜிங் வரவேற்பறைக்கும் நடுவில் இருந்த தரகர்கள் அந்த விடியலில் காட்டில் இல்லை.

இந்தியா–சீன உறவின் ஆண்டுவரிசையில் 1954, 1962, 1981, 1991, 2006, 2020, 2025 என்ற எண்கள் இருக்கின்றன. 2015 ஏப்ரல் 7 இல்லை. சீனத்துடனான வணிகத் தடையின் வரலாற்றை இனி எழுதுவோர் அந்த நாளையும் அந்த 20 பேரையும் அதில் சேர்த்தே எழுத வேண்டும்.