அல்யோனா சாவ்சென்கோ: மூன்று துணைவர்கள், ஐந்து ஒலிம்பிக்ஸ்

அல்யோனா சாவ்சென்கோ, ஃபிகர் ஸ்கேட்டிங்கின் இணையர் பிரிவில் முதலில் உக்ரைனுக்காகவும் பின்னர் ஜெர்மனிக்காகவும் ஆடிய வீராங்கனை. 1984 ஜனவரி 19 அன்று கீவ் நகருக்கு அருகிலுள்ள ஒபுகிவ்வில் பிறந்தார். உலகச் சாம்பியன் பட்டத்தை ஆறு முறையும், 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கத்தையும் வென்றார். இப்பிரிவின் பதிவேடுகள் வெற்றிகளை இணைகளின் பெயரிலேயே எழுதுகின்றன. அதனால் ஒரு துணைவர் மாறினாலே பழைய கணக்கு மூடப்பட்டுப் புதுக் கணக்கு தொடங்கிவிடுகிறது. சாவ்சென்கோவின் ஆட்ட வாழ்க்கையை அப்படித் துண்டு போட்டுப் பார்த்தால் அதன் பொருளே விளங்காது. பெரும் போட்டிகளில் வென்றிராத துணைவர்களோடு இரண்டு முறை அடித்தளத்திலிருந்து தொடங்கி, இரண்டு முறையும் உலகின் உச்சிக்குப் போனவர் அவர். ஒலிம்பிக் தங்கத்தைவிட இந்த மறுதொடக்கங்களே அவருடைய பெரிய சாதனை என்பது இக்கட்டுரையின் கருத்து.

துணைவரை மாற்றுவது ஏன் இவ்வளவு கடினம் என்பதை இணையர் ஆட்டத்தின் அமைப்பே சொல்லும். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே கணத்தில் எழும்பி ஒரே கணத்தில் இறங்க வேண்டும். அது போக, ஆண் பெண்ணைத் தலைக்கு மேல் தூக்கிச் சறுக்குவது உண்டு. மேலே எறிந்து, அவர் காற்றில் சுழன்று வரும்போது இடுப்பில் பிடிப்பது உண்டு. வீசிவிட, பெண் மூன்று சுற்று சுழன்று தனியாக ஒற்றைக் காலில் இறங்கும் வீச்சுத் தாவலும் உண்டு. வீச்சின் உயரம், கை விடும் நொடி, வேகம் எல்லாமே எதிரில் இருப்பவரின் உடலைப் பொறுத்தவை. ஒருவருடன் பழகிய நொடிக்கணக்கு அடுத்தவரிடம் செல்லுபடியாகாது. தனியாட்டக்காரர் பயிற்சியாளரை மாற்றினாலும் அவருடைய தாவல் அவரிடமே இருக்கும். இணையாட்டக்காரருக்கோ தாவலில் பாதி இன்னொருவரின் கையில் இருக்கிறது.

முதல் பெரிய துணைவர் உக்ரைனின் ஸ்டானிஸ்லாவ் மொரோசோவ். அவருடன் 2000-இல் இளையோர் உலகப் பட்டத்தை வென்ற சாவ்சென்கோ, 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் 15-ஆம் இடம் பெற்றார். 2003-இல் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகருக்குப் போய் ராபின் ஷோல்கோவியுடன் சேர்ந்தார்; பயிற்சியாளர் இங்கோ ஸ்டாயர். 2005 இறுதியில் ஜெர்மன் குடியுரிமை கிடைத்தது. 2006 டூரின் ஒலிம்பிக்கில் 6-ஆம் இடம். அடுத்த ஆண்டு உலகப் போட்டியில் வெண்கலம். 2008, 2009, 2011, 2012, 2014 ஆகிய ஐந்து ஆண்டுகளில் உலகப் பட்டம். ஒலிம்பிக்கில் மட்டும் 2010-இலும் 2014-இலும் வெண்கலத்தோடு நிற்க வேண்டியிருந்தது. 2014 சோச்சி ஒலிம்பிக்கில், போட்டியின் முதல் பகுதியான குறு நிகழ்ச்சிக்குப் பின் இரண்டாம் இடத்தில் இருந்தும், அடுத்த பகுதியான நெடு நிகழ்ச்சியில் விழுந்ததால் வெள்ளியும் நழுவியது. அங்கே தங்கம் வென்ற தத்தியானா வோலசோழார், சாவ்சென்கோ பிரிந்த பின் அதே மொரோசோவுடன் உக்ரைனுக்காக ஆடி, பிறகு ரஷ்யாவுக்குப் போய் மக்சிம் திரான்கோவுடன் இணைந்தவர். துணைவர் மாற்றம் இந்த ஆட்டத்தில் எவ்வளவு சாதாரணம் என்பதற்கு இதுவே சான்று. மாற்றத்துக்குப் பின் உச்சிக்குப் போவதுதான் அரிது.

2014-இல் ஷோல்கோவி ஓய்வு பெற்றார். சாவ்சென்கோவுக்கு அப்போது 30 வயது. ஐந்து உலகப் பட்டங்களோடு அவரும் நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் பிரான்சின் புரூனோ மஸ்ஸோவைத் தேர்ந்தெடுத்து, ஓபெர்ஸ்டோர்ஃபில் அலெக்சாண்டர் கேனிக்கிடம் பயிற்சியைத் தொடங்கினார். பிரெஞ்சுக் கூட்டமைப்பு மஸ்ஸோவை எளிதில் விடவில்லை. 30,000 யூரோ கொடுத்த பிறகே அவர் ஜெர்மனிக்காக ஆட முடிந்தது. ஒலிம்பிக்கில் ஆடக் குடியுரிமையும் வேண்டும், அதற்கு ஜெர்மன் மொழித் தேர்வில் தேற வேண்டும். அதில் மஸ்ஸோ ஒன்றுக்கு மேற்பட்ட முறை தோற்றார். குடியுரிமை கைக்கு வந்தது 2017 நவம்பரில், ஒலிம்பிக்குக்கு மூன்று மாதங்கள்கூட இல்லாதபோது. இதற்கிடையே 2016-இல் உலக வெண்கலம், 2017-இல் உலக வெள்ளி. நடுவில் கணுக்கால் காயமும் வந்து போனது.

2018 பியோங்சாங் ஒலிம்பிக்கின் குறு நிகழ்ச்சியில் மஸ்ஸோ மூன்று சுற்றுச் சால்கோவ் தாவலை இரண்டு சுற்றாகக் குறைத்துவிட்டார். 76.59 புள்ளிகளோடு நான்காம் இடம். முதலிடத்திலிருந்த சீனாவின் சுய் வென்ஜிங்–ஹான் சொங் இணைக்கு 82.39. மறுநாள் நெடு நிகழ்ச்சியில் சாவ்சென்கோவும் மஸ்ஸோவும் அக்காலத்து உலகச் சாதனையாக 159.31 எடுத்தார்கள். மொத்தம் 235.90. சீன இணைக்கு 235.47. இடைவெளி 0.43. இந்தச் சின்ன இடைவெளியைக் காட்டி, தங்கம் எதிராளியின் பிழையால் கிடைத்தது என்று வாதிடலாம். சீன இணை நெடு நிகழ்ச்சியில் பிழை செய்தது உண்மைதான். ஆனால் பிழைகளைக் கணக்கில் எடுத்தால் இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். மஸ்ஸோவின் அந்த ஒரு தாவல் பறித்தது மட்டுமே மூன்று புள்ளிகளுக்கு மேல். அது சரியாக அமைந்திருந்தால் இடைவெளி பல மடங்காகியிருக்கும். மயிரிழை வெற்றி சாவ்சென்கோவுக்குப் புதிதும் அல்ல. 2012-இல் நீஸ் நகரில் நடந்த உலகப் போட்டியில் வோலசோழார்–திரான்கோவ் இணையை வென்றது 0.11 புள்ளியில். நடுவர்களின் மதிப்பீட்டில் ஓரளவு ஏற்ற இறக்கம் எப்போதும் இருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஒரே ஒரு போட்டியை மட்டும் வைத்துப் பேசினால் அந்த ஐயத்துக்கு வலு உண்டு. 2007 முதல் 2018 வரை பதினொரு உலகப் பதக்கங்களுக்கு முன் அது நிற்காது.

இன்னொரு மறுப்பு கனமானது. பெண்ணைத் தூக்குவதும் எறிவதும் ஆண். மஸ்ஸோவின் உயரமும் வலுவும் இல்லாமல் இந்தத் தங்கம் வந்திருக்குமா என்பது அது. வந்திருக்காது. இரண்டு துணைவர்களும் தம் பங்கை முழுமையாகத் தந்தவர்கள். ஆனால் சாவ்சென்கோவைச் சந்திக்கும் முன் ஷோல்கோவியோ மஸ்ஸோவோ உலகச் சாம்பியன்ஷிப்பிலும் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பிலும் பதக்கம் பெற்றதில்லை. இருவருக்கும் உடல்வாகு வேறு, பயிற்சியாளர் வேறு, பயிற்சி நகரம் வேறு. இரண்டு வெற்றிகளுக்கும் பொதுவாக இருந்தவர் ஒருவர்தான். பழைய ஆட்டத்தைப் புதுத் துணைவரிடம் திணிக்காததும் அவருடைய கூர்மைக்குச் சான்று. சோச்சியில் ஷோல்கோவியுடன் முயன்று விழுந்த மூன்று சுற்று ஆக்சல் வீச்சை பியோங்சாங்கில் வைக்கவில்லை. ஐஸ் நடனத்தில் 1984 ஒலிம்பிக் தங்கம் வென்ற கிறிஸ்டோபர் டீன் வடிவமைத்த அங்கத்திய நெடு நிகழ்ச்சி, எறிந்து பிடிக்கும் சுழற்சியின் உயரத்தையும் தூக்குகளின் ஓட்டத்தையும், அதாவது மஸ்ஸோவுக்கு எது வருமோ அதையே நம்பியது. அனுபவசாலி தன் துணைவரின் பலத்தைச் சுற்றி ஆட்டத்தை அமைத்ததால்தான் நான்காம் இடத்திலிருந்து மேலே வர முடிந்தது.

ஒலிம்பிக் முடிந்த அடுத்த மாதம், மிலான் உலகச் சாம்பியன்ஷிப்பில் இதே இணை 245.84 புள்ளிகளோடு, இரண்டாம் இடத்தைவிட 20 புள்ளிகளுக்கும் மேல் முன்னே நின்று வென்றது. அது சாவ்சென்கோவின் ஆறாவது உலகப் பட்டம். அதன்பின் அவ்விணை போட்டிக்களத்துக்குத் திரும்பவில்லை.