புனித மேரி தேவாலயம், புனித ஜார்ஜ் கோட்டை

புனித மேரி தேவாலயம் என்பது சென்னை புனித ஜார்ஜ் கோட்டையினுள் அமைந்துள்ள கிறித்தவ வழிபாட்டிடம் ஆகும். 1680 ஆம் ஆண்டில் திருநிலைப்படுத்தப்பட்ட இது, சூயசுக்குக் கிழக்கே இன்றளவும் நிலைத்திருக்கும் மிகப் பழைய ஆங்கிலிக்கன் தேவாலயமாகக் கருதப்படுகிறது. தற்போது தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயத்தைச் சேர்ந்தது. இங்கு நடந்த புகழ்பெற்ற திருமணங்களுக்காகவே பெரிதும் அறியப்பட்டாலும், ஒரு சபை தன் கட்டடத்தை எவ்வாறு கட்டிக் காத்தது என்பதற்கும் இத்தேவாலயம் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

தோற்றம்

கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639-40 அளவில் சென்னையில் குடியேறிய பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர்களுக்கெனத் தனித் தேவாலயம் இருக்கவில்லை. கோட்டையிலிருந்த பண்டகசாலை இல்லத்தின் அறையொன்றிலேயே வழிபாடு நடைபெற்றது. 1678 இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற சிட்ரேன்சாம் மாசிட்டர், இலண்டனிலிருந்த இயக்குநர்களின் இசைவுக்குக் காத்திராமல் நன்கொடை திரட்டத் தொடங்கினார். கோட்டைவாசிகள் 800 வராகனுக்கு மேல் கொடுத்தனர். எனவே இதனைக் கம்பெனி கட்டிய தேவாலயம் என்று கூறுவது முற்றிலும் சரியன்று. கம்பெனியின் ஊழியர்கள் தம் கைப்பணத்தில் கட்டியது என்பதே பொருத்தமாகும்.

அவ்வாண்டு மார்ச்சு 25 அன்று, அதாவது மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாளன்று, பணி தொடங்கியதால் இப்பெயர் ஏற்பட்டது. 1680 அக்டோபர் 28 அன்று தேவாலயம் திருநிலைப்படுத்தப்பட்டது.

கட்டட அமைப்பு

இதனை வடிவமைத்தவர் கோட்டையின் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர். அவர் எட்வர்டு ஃபௌல் எனவும் வில்லியம் டிக்சன் எனவும் இரு வகையாகக் கூறுவர். எவராயினும் குண்டு வந்து விழுவதை மனத்திற்கொண்டு கட்டியவர் என்பதில் ஐயமில்லை. வெளிச்சுவர்கள் சுமார் நான்கு அடி தடிப்புள்ளவை. கூரை மரச்சட்டங்களின்றி, செங்கல்லால் வளைத்துக் கட்டப்பட்டது. அதன் தடிப்பு இரண்டு அடி. தீப்பிடிக்கக் கூடாது என்பதற்காக மரம் தவிர்க்கப்பட்டது. இம்முடிவால் வேறொரு நன்மையும் கிடைத்தது. வெப்பமண்டலத்தில் பழங்கட்டடங்களின் கூரையை முதலில் அழிப்பவை கரையானும் மழை நீரில் உளுத்துப்போகும் மரமுமே ஆகும். இக்கூரையில் அவற்றுக்கு வேலையில்லை.

மணிக்கோபுரம் பின்னர் சேர்க்கப்பட்டு 1710 அளவில் நிறைவுற்றது. இன்று காணப்படும் கூர்முனை 1795 இல் அமைக்கப்பட்டதாகும். பீடத்துக்கு மேலுள்ள இறுதி இராவுணவு ஓவியம் 1761 இல் புதுச்சேரி வீழ்ந்தபோது அங்கிருந்து கொண்டுவரப்பட்டது என்பது மரபு.

சபையும் நிதியும்

தேவாலயத்தின் அன்றாட நிர்வாகத்தை 'வெசுட்ரி' எனப்பட்ட சபைக் குழு கவனித்தது. காணிக்கை, நன்கொடை, இறந்தோர் எழுதிவைத்த தொகை ஆகியவை சேர்ந்து 'சபை முதல்' உருவாயிற்று. இம்முதல் வட்டிக்கு விடப்பட்டு, அவ்வருவாயிலிருந்து ஏழைகளுக்கும் அனாதைக் குழந்தைகளுக்கும் உதவி வழங்கப்பட்டது. 1715 இல் போதகர் வில்லியம் சிடீவன்சன் முயற்சியால் தோன்றிய அறப்பள்ளியும் இச்சபையின் பணியே. இன்று சென்னையிலுள்ள புனித ஜார்ஜ் ஆங்கிலோ இந்தியப் பள்ளி அதன் வழித்தோன்றலாகும்.

சபை வாழ்க்கையை அறிய உதவும் முதன்மைச் சான்று, 1680 முதல் எழுதப்பட்ட ஞானமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளே. முதல் திருமணப் பதிவு 1680 நவம்பர் 4 அன்று நடந்த எலிகு யேலுடையது. கல்கத்தாவுடன் பெயர் இணைந்த யோபு சார்னக்கின் மூன்று மகள்கள் 1689 இல் இங்கு ஞானமுழுக்குப் பெற்றனர். 1753 பெப்ரவரி 18 அன்று இராபர்ட் கிளைவின் திருமணத்தை நடத்தி வைத்தவர் யோவான் பிலிப்பு பப்ரிசியசு. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பாலும் அகராதியாலும் தமிழர் அறிந்த அதே பப்ரிசியசுதான் இவர்.

பெயர்ந்த கல்லறைகள்

தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதிக்கப்பட்டுள்ள கல்லறைக் கற்களின் கீழ் எவரும் அடக்கம் செய்யப்படவில்லை. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பிற்காலத்தில் சட்டக் கல்லூரி இயங்கிய வளாகத்தில் இருந்தது. 1758-59 முற்றுகையின்போது பிரெஞ்சுப் படையினர் அங்கிருந்த உயர்ந்த கல்லறைகளை மறைவிடமாகக் கொண்டு கோட்டையைத் தாக்கினர். முற்றுகை முடிந்ததும் அக்கல்லறைகள் இடிக்கப்பட்டு, எழுத்துப் பொறித்த பலகைக் கற்கள் மட்டும் தேவாலய வளாகத்துக்குக் கொண்டுவரப்பட்டன. 1782 இல் ஐதர் அலியுடனான போரின்போது அவை பீரங்கி மேடைகளுக்காகப் பெயர்க்கப்பட்டு, 1807 இல் மீண்டும் பதிக்கப்பட்டன. இவற்றுள் பழமையானது 1652 இல் இறந்த எலிசபெத்து பேக்கரின் கல். ஆங்கிலத்துடன் இலத்தீன், போர்த்துக்கீச மொழிக் கல்வெட்டுகளும் உள்ளன.

ஆளுநர்கள் பிகட், தாமசு மன்றோ ஆகியோர் அடக்கம் செய்யப்பட்டது தேவாலயத்தினுள்ளேயே. தஞ்சையில் பணியாற்றிய சுவார்ட்சுக்குக் கம்பெனி எழுப்பிய பளிங்கு நினைவுச் சின்னமும் இங்கு உண்டு.

பராமரிப்பு

சுவர்ப் பூச்சு சென்னையின் புகழ்பெற்ற சுண்ணச் சாந்தாகும். கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை அரைத்து, வெல்லம், கடுக்காய் ஊறிய நீர் சேர்த்துப் பல பூச்சுகளாக இட்டு, பளிங்கு போலாகும் வரை தேய்ப்பது வழக்கம். இப்பூச்சு ஈரத்தை உள்வாங்கி வெளியிடும் இயல்புடையது. கடற்காற்றின் உப்பு சுவருக்குள் சென்றாலும், பூச்சுதான் முதலில் உதிரும், செங்கல் தப்பும். உதிர்ந்த இடத்தை மீண்டும் சுண்ணத்தால் பூசினால் போதும். அவ்விடத்தில் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு செங்கல்லையே பொடியாக்கிவிடும். விரைவாகவும் மலிவாகவும் முடியும் பழுதுபார்ப்பே இத்தகைய கட்டடங்களுக்குப் பெருங்கேடு விளைவிக்கிறது. கூரை இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை ஆண்டுதோறும் வேரோடு நீக்குவது, மழைக்கு முன் நீர்ப்போக்கிகளைத் துப்புரவு செய்வது போன்ற சிறு வேலைகள் வெளியே தெரிவதில்லை. ஆனால் அவற்றை ஆண்டுதோறும் செய்ய ஆள் வேண்டும்.

அதைச் செய்யும் பொறுப்பு காலந்தோறும் கைமாறியது. பிரித்தானிய ஆட்சியில் படைவீரருக்கான தேவாலயங்களின் போதகர் ஊதியத்தையும் கட்டடச் செலவையும் அரசு ஏற்றது. 1927 ஆம் ஆண்டின் இந்தியத் திருச்சபைச் சட்டப்படி, 1930 மார்ச்சு 1 முதல் இந்திய ஆங்கிலிக்கன் திருச்சபை இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து சட்டப்படி பிரிந்தது. விடுதலைக்குப் பின் அரசுச் செலவில் போதகர்களை அமர்த்தும் முறையும் முடிவுற்றது. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை தொடங்கப்பட்டபோது, ஆங்கிலிக்கன், மெதடிசுடு, பிரெசுபிட்டேரியன், காங்கிரிகேசனல் சபைகள் பேராயர் ஆட்சிமுறையின் கீழ் ஒன்றிணைந்தன. இத்திருச்சபையில் உறுப்பினர் தேர்ந்தெடுக்கும் சேகரக் குழு, ஆயரின் தலைமையில் வரவு செலவையும் கட்டடத்தையும் கவனிக்கிறது. சந்தா, ஞாயிறு காணிக்கை, அறுப்பின் பண்டிகை ஏலம் முதலியன ஒரு சேகரத்தின் வழக்கமான வருவாய்கள்.

கோட்டையினுள் இருப்பது இச்சபைக்கு ஒரு தனி இடர்ப்பாடாகும். முன்பு சபையினர் கோட்டைக்குள்ளேயே குடியிருந்தனர். இன்று அங்கு சட்டமன்றம், தலைமைச் செயலகம், படைத்துறை அலுவலகங்கள் ஆகியவையே உள்ளன; வழிபட வருவோர் வெளியிலிருந்து வர வேண்டும். கோட்டையின் அரண்களும் பழங்கட்டடங்கள் பலவும் இந்தியத் தொல்லியல் ஆய்வகத்தின் பாதுகாப்பில் உள்ளமையால், சுற்றுப்புறத்தில் கட்டுமானங்களுக்குத் தொல்லியல் சட்டத்தின் கட்டுப்பாடுகளும் உண்டு.

ஒப்பீடு

இதே கடற்கரையில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, அணுபுரம், கல்பாக்கம் ஆகியவற்றை அடுத்துள்ள சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் கோட்டை உள்ளது. அங்கும் அழகிய செதுக்கல்களுடன் கூடிய கல்லறைகள் இருக்கின்றன. தொல்லியல் ஆய்வகம் அவற்றைக் காக்கிறது. ஆனால் ஒல்லாந்தர் அகன்ற பின் அக்கோட்டையில் சபை எதுவும் எஞ்சவில்லை. சென்னையிலேயே, பழைய இடுகாட்டில் எஞ்சியுள்ள யேலின் மகன் தாவீதின் கல்லறை இன்று நீதிமன்ற வளாகத்தை ஒட்டியுள்ளது. அதனை வேறிடத்துக்கு மாற்ற வேண்டுமா என்பது 2023 ஆம் ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்காயிற்று.