கம்பளை வாதமும் மணிமேகலையின் அளவையியலும்

கண்டிக்குத் தெற்கே மகாவலிக் கரையில் அமைந்த கம்பளையில், 1871ஆம் ஆண்டு பௌத்தரும் கிறித்தவரும் வாதப்போர் நிகழ்த்தினர். பௌத்தர் தரப்பில் மீகெட்டுவத்தே குணானந்த தேரர் வாதிட்டார். 1865இல் பத்தேகமையில் தொடங்கிய இவ்வாத வரிசை, 1873இல் பாணந்துறையில் உச்சம் எய்தியது. இரு சாராரும் எதிர்த்தரப்பு நூல்களிலேயே முரண் தேடினர். அந்நியர் ஆட்சியின்கீழ்த் தத்தம் சமயத்தின் மதிப்பே பணயமாக நின்றமையால், அவையோரின் ஆரவாரம் வெற்றியின் சான்றாகக் கொள்ளப்பட்டது.

ஆயின் ஆரவாரம் ஏதுவாகுமோ? தமிழில் இவ்வினாவுக்கு விடை தொன்மையானது. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை, பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றை விளக்கிப் பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 என 33 குற்றங்களை வகுக்கின்றது. வடமொழி நியாயப்பிரவேசத்தின் பகுப்பும் இத்தகையதே. அவற்றுள் ஒன்று சித்தாசித்தம்: ஆவியோ பனியோ என ஐயுறத்தக்க ஒன்றைப் புகையெனக் கொண்டு, அங்கு நெருப்புண்டெனத் துணிதல். ஹந்தானை மலைமீது காலைப்பனி கவிதலைக் காணும் பேராதனை மாணவர்க்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நாவன்மை அவையை வெல்லலாம். உண்மையை நிறுவுவது ஏதுவே. ஆதலின் வாதமேடை ஏறுவோர், எதிரியின் போலியை நாடுமுன் தம் ஏது ஐயமற்றதோ என ஆராய்தல் கடனாகும்.