நடந்துவிட்டு வரச் சொன்னவர்: சாண்டும் ஃப்ளோபேரும்

1866 பிப்ரவரியில், பாரிஸில் எழுத்தாளர்கள் கூடும் மாஞி உணவக விருந்துக்கு ஜார்ஜ் சாண்ட் முதன்முறையாக வந்தார். ஆண்பெயரில் எழுதிப் புகழ்பெற்ற அப்பெண்மணிக்கு அப்போது வயது 61. குஸ்தாவ் ஃப்ளோபேருக்கு 44. மூன்றாண்டுகளுக்கு முன், ஃப்ளோபேரின் 'சலாம்போ' நாவல் கடும் கண்டனத்துக்கு உள்ளானபோது, அதைப் பாராட்டிப் பத்திரிகையில் எழுதியவர் சாண்ட். அவ்வாண்டு இறுகிய நட்பு சாண்ட் மறையும்வரை பத்தாண்டுகள் நீடித்தது. நானூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்று நம்மிடம் உள்ளன.

அவற்றைக் கலைக்கொள்கை விவாதமாகவே வகுப்பறையில் படித்தோம். ஆய்வேட்டின் ஓர் இயலோடு இரவிரவாகப் போராடிக்கொண்டிருக்கும் இந்நாள்களில் மீண்டும் படித்தபோது, கண்ணில் பட்டது வேறொன்று: மூத்தவர் ஒருவர் இளைய நண்பரின் உடலைப் பற்றி ஓயாமல் கவலைப்படுகிறார். ஃப்ளோபேர் ருவான் நகரை அடுத்த தம் ஆற்றங்கரை வீட்டில் அடைந்து கிடந்து, விடியும்வரை ஒரு வாக்கியத்தோடு மல்லுக்கட்டுபவர். 'உணர்ச்சிக் கல்வி' நாவலுக்கு மட்டும் 1864 முதல் 1869 வரை கிட்டத்தட்ட ஐந்தாண்டுகள். உடலை அசையுங்கள், நடங்கள், தனிமையை விட்டு நோஆனுக்கு வாருங்கள் என்று சாண்ட் திரும்பத் திரும்ப எழுதுகிறார். நோஆன் அவருடைய கிராமத்து வீடு. பேத்திகளும் மகன் மொரீஸின் பொம்மலாட்ட அரங்கும் அங்கே உண்டு. இத்தனை அழைப்புகளுக்கும் ஃப்ளோபேர் போனது இரண்டே முறை: 1869 கிறிஸ்துமஸுக்கும் 1873 ஏப்ரலிலும்.

இதில் ஒரு முரண் உண்டு. ஓய்வைப் போதித்த சாண்டும் நள்ளிரவில் எழுதியவரே. பெரிய குடும்பத்தைப் பேனாவால் தாங்கியவர். நாவலை முடிக்காவிட்டால் செலவுக்குப் பணமில்லை. ஃப்ளோபேருக்கோ பரம்பரைச் சொத்து இருந்தது. ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம் செலவிட அவரால் இயன்றது. சாண்டைச் 'சரளமாக எழுதித் தள்ளியவர்' என்று ஒதுக்கிய திறனாய்வு இந்த வேறுபாட்டைக் கணக்கில் கொண்டதில்லை என்பது என் எண்ணம்.

1875இல் ஃப்ளோபேருடைய சகோதரி மகளின் கணவர் தொழிலில் நொடித்துப்போனார். அக்குடும்பத்தைக் காக்க ஃப்ளோபேர் தம் பண்ணை நிலத்தை விற்றார். 'பூவாரும் பெக்கூஷேயும்' என்ற நாவல் பாதியில் நின்றது. எழுதவே முடியாத நிலையில், கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்துகொண்டிருந்த நண்பர் பூஷேவுடன் பிரித்தானிக் கடற்கரையின் கொங்கார்னோ ஊரில் தங்கினார். கடற்குளியல், நடை, நண்பரின் பேச்சு. சாண்ட் பத்தாண்டுகளாகக் கெஞ்சியதைப் பணமுடை சாதித்துக் கொடுத்தது! சில வாரங்களில் அங்கேயே ஒரு சிறுகதையைத் தொடங்கினார்.

அதன்பின் எழுதியது 'எளிய உள்ளம்'. வாசகரைத் துயரில் தள்ளாமல் ஆறுதலும் தரும்படி எழுதுங்கள் என்று சாண்ட் அக்குளிர்காலக் கடிதங்களில் வற்புறுத்தியிருந்தார். வீட்டு வேலைக்காரி ஒருத்தியின் வாழ்வைச் சொல்லும் அக்கதையில் தம் செல்வாக்கை அவரே கண்டுகொள்வார் என்று 1876 மே இறுதியில் ஃப்ளோபேர் அவருக்கு எழுதினார்.

ஜூன் 8 அன்று சாண்ட் காலமானார். மழைத்தூறலில் நோஆனில் நடந்த அடக்கத்துக்கு ஃப்ளோபேர் பாரிஸிலிருந்து வந்து, கதறி அழுதார். கதை ஆகஸ்டில் முடிந்தது. அவருக்காகவே அதைத் தொடங்கியதாகவும், பாதியில் இருக்கும்போதே அவர் போய்விட்டதாகவும் மறு ஆண்டு மொரீஸுக்கு எழுதினார். பிறகு பாதியில் விட்ட நாவலுக்குத் திரும்பி, பழையபடி அறைக்குள் அடைந்துகொண்டார். 1880 மே 8 அன்று அவர் இறந்தபோதும் அது முடிந்திருக்கவில்லை.